சின்ன மேசைப் போக்கரில் தவறை எங்கே தேடுவது?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஆன்லைனில் 1 சென்ட், 2 சென்ட் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் போடும் கட்டாயப் பணம்) மேசையில் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறேன். ஆடி முடித்ததும் பெரிதாகத் தோற்ற கைகளை, அதாவது ஆட்டச் சுற்றுகளை, எல்லாம் திறந்து பார்க்கிறேன். பல மாதங்கள் ஆகியும் ஆட்டம் தேறவில்லை. தவறுகளிலிருந்து கற்றுக்கொள்வது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தோற்ற கைகளை மட்டும் திறந்து பார்க்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போக்கரில் தோல்வி ஒரு பக்கம் போகும், தவறு வேறொரு பக்கம் போகும். இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

எளிய உதாரணம். உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். ஃப்ளாப், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு, வருவதற்கு முன்பே இருவரும் ஆல்-இன், கையிருப்பு முழுவதும் உள்ளே. இதே நிலை 100 முறை வந்தால் சுமார் 82 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள், 18 முறை தோற்பீர்கள். அந்த 18-இல் ஒன்று நேற்று நடந்தது என்பதற்காக அந்தக் கையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் யோசித்தால், கற்க அதில் எதுவும் இல்லை. இப்போது மாற்றிப் பாருங்கள். டர்ன் என்ற நான்காவது பொதுச் சீட்டு வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு எண் விழுந்தால்தான் உங்கள் ஸ்ட்ரெய்ட் (தொடர் எண்களாக ஐந்து சீட்டு) முடியும். அதற்கு உதவுவது 4 சீட்டு. எதிராளி பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) அளவுக்கு ஆல்-இன் போடுகிறார், நீங்கள் கால் போடுகிறீர்கள், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறீர்கள். உங்களுக்குத் தேவையான வாய்ப்பு 33 சதவீதம், இருப்பதோ 9 சதவீதம்கூட இல்லை. ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, அது விழுந்து பாட் உங்களுக்கு வந்துவிட்டால், இந்தக் கை உங்கள் தோல்விப் பட்டியலில் வரவே வராது. மோசமான தவறு ஒன்று லாபக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

சதுரங்கத்தில் ராணியை வெட்டுக்கு வைத்தால் எதிராளி வெட்டிவிடுவார், பாடம் உடனே கிடைத்துவிடும். போக்கரில் அதே தவறுக்குச் சில நாள் பரிசு கிடைக்கிறது. அதனால் முடிவை வைத்துத் தவறைத் தேடக் கூடாது. அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரியும், அதை வைத்து எடுத்த முடிவு சரியா என்பதை மட்டும் கேட்க வேண்டும்.

இது சொல்ல எளிது. எப்படிச் செய்வது என்று ஒரு முழுக் கையை எடுத்துப் பார்ப்போம். சின்ன மேசைகளில் நாள்தோறும் நடக்கும் ஒன்றுதான்.

ஆறு பேர் மேசை. இருவரிடமும் 2 டாலர், அதாவது 100 பிக் பிளைண்ட் (கட்டாயப் பணத்தில் பெரியதான 2 சென்ட்). உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் குயின். 6 சென்ட்டுக்கு ரெய்ஸ் செய்து தொகையை உயர்த்துகிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் போடுகிறார். அவர் ரெய்ஸே செய்யாத, நிறையக் கால் போடுகிற ஆள். பாட் 13 சென்ட். ஃப்ளாப்: இஸ்பேடு குயின், ஆர்ட்டின் 8, டைமன் 4. அவர் செக் (பணம் போடாமல் விடுகிறார்), நீங்கள் 8 சென்ட், அவர் கால். டர்ன்: கிளாவர் 2. அவர் செக், நீங்கள் 20 சென்ட், அவர் கால். பாட் இப்போது 69 சென்ட். ரிவர்: இஸ்பேடு 7. அவர் மறுபடியும் செக். நீங்கள் 35 சென்ட் போடுகிறீர்கள். இவ்வளவு நேரம் அமைதியாக இருந்தவர் சட்டென்று மீதி 1 டாலர் 66 சென்ட் முழுவதையும் தள்ளுகிறார். நீங்கள் கால் போடுகிறீர்கள். அவர் 8-7 காட்டுகிறார். இரண்டு ஜோடி.

பெரும்பாலானவர்கள் இந்தக் கையைத் திறந்து, "ரிவரில் 7 வராமல் இருந்திருந்தால்" என்று நினைத்துவிட்டு மூடிவிடுவார்கள். இன்னும் சிலர் முன்னாலிருந்தே தங்களைத் திட்டிக்கொள்வார்கள்: டர்னில் பெட் போட்டிருக்கக் கூடாதோ, ரிவரில் செக் செய்திருக்கலாமோ என்று. அவை எல்லாம் சரியான ஆட்டம். ஏஸ்-குயின் வைத்து மேல் ஜோடி அடித்திருக்கிறீர்கள். மட்டமான குயினும், 8-உம் வைத்துக்கொண்டு கால் போடும் ஆளிடம் மூன்று முறையும் காசு வாங்க வேண்டியதுதான்.

தவறு கடைசி கால். அதை அவருடைய 8-7-ஐப் பார்க்காமலே காட்ட முடியும், காட்ட முடிந்தால்தான் அது பாடம். நீங்கள் இன்னும் 1 டாலர் 31 சென்ட் போட வேண்டும். ஜெயித்தால் மேசையில் ஏற்கெனவே இருக்கும் 2 டாலர் 70 சென்ட் கிடைக்கும். 131-ஐ 401-ஆல் வகுத்தால் சுமார் 33 சதவீதம். மூன்றில் ஒரு முறையாவது நீங்கள் ஜெயிக்க வேண்டும்.

அவரிடம் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணுங்கள். உங்களை அடிக்கும் கைகள்: 8-8, 4-4, 7-7 ஒவ்வொன்றும் 3 விதம், மொத்தம் 9. ஸ்ட்ரெய்ட் ஆகிவிட்ட 6-5, ஒரே நிறத்தில் (இரண்டு சீட்டும் ஒரே சின்னம்) 4 விதம். ஒரே நிற 8-7 என்றால் 2 விதம், ஏனென்றால் ஆர்ட்டின் 8-உம் இஸ்பேடு 7-உம் மேசையில் கிடக்கின்றன. ஒரே நிற குயின்-8 ஒரு விதம், ஒரே நிற குயின்-7 இரண்டு விதம். மொத்தம் 18. இனி பிளஃப், அதாவது வெறும் கையோடு மிரட்டுவது. ஸ்ட்ரெய்ட்டுக்குத் துரத்தி ஒன்றும் ஆகாமல் போன கைகள்: ஜாக்-10, ஜாக்-9, 10-9. ஒரே நிறத்தில் ஒவ்வொன்றும் 4 விதம், மொத்தம் 12. உங்கள் கால் நஷ்டம் இல்லாமல் இருக்க வேண்டுமானால் 18-க்கு எதிரே குறைந்தது 9 பிளஃப் வேண்டும். அப்படியானால் அந்த மனிதர் தவறிப்போன 12 கைகளில் 9-ஐ எடுத்து முழுப் பணத்தையும் தள்ளியிருக்க வேண்டும். இதுவரை ரெய்ஸே செய்யாத ஆள். 2 சென்ட் மேசையில் அப்படி ஆடுபவர் அரிதிலும் அரிது.

கணக்கு இவ்வளவுதான். இதை ஒரு தடவை பென்சில் பிடித்துப் போட்டுப் பார்த்தவருக்கு, அமைதியான ஆள் ரிவரில் ரெய்ஸ் செய்தால் ஒரு ஜோடியைக் கீழே வைத்து விலக வேண்டும் என்பது வெறும் அறிவுரையாக இருக்காது, காரணத்தோடு தெரிந்த விஷயமாக இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் கால் போட்டு, அவர் அசட்டுத்தனமாக ஜாக்-10 காட்டி நீங்கள் ஜெயித்திருந்தாலும் அந்தக் கால் இதே அளவு தவறுதான். அந்த வெற்றியையும் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தால்தான் ஆட்டம் நகரும்.

கணினிகளும் இப்படித்தான் போக்கர் கற்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 2019-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோம் பிரவுனும் டுவோமாஸ் சாண்ட்ஹோமும், ஃபேஸ்புக் ஆய்வுப் பிரிவோடு சேர்ந்து புளூரிபஸ் என்ற நிரலை அறிமுகப்படுத்தினார்கள். ஆறு பேர் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை அது ஜெயித்தது. மனிதர்களின் கைகளைப் பார்த்து அது கற்கவில்லை. தனக்குத் தானே ஆடியது. ஒவ்வொரு கை முடிந்ததும் பின்னால் போய், "இந்த இடத்தில் கால் போட்டேன், ஃபோல்ட் செய்து விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ரெய்ஸ் செய்திருந்தால் என்ன" என்று ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகக் கேட்டது. எதைச் செய்யாமல் விட்டது இழப்பாகத் தெரிந்ததோ அதை அடுத்த முறை கொஞ்சம் அதிகமாகச் செய்தது. ஜெயித்த கை, தோற்ற கை என்ற பாகுபாடு அதற்கு இல்லை. எல்லாக் கைகளுக்கும் அதே கேள்விதான். எட்டே நாளில் அது அந்த அளவுக்குத் தேறியது.

அந்த ஆய்வில் உங்களுக்கு உதவும் இன்னொரு செய்தியும் உண்டு. மனிதர்களோடு 12 நாளில் 10,000 கைகள் ஆடிப் பார்த்தார்கள். அப்போதும் வெறும் வரவு செலவை நம்பாமல், சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிடும் ஒரு கணக்கு முறையைத்தான் பயன்படுத்தினார்கள். 10,000 கை போதாது என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் போதாது. ஆறு பேர் நோ-லிமிட் (பந்தயத்துக்கு உச்ச வரம்பு இல்லாத) மேசையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் சுமார் 100 பிக் பிளைண்ட். இதை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையில் லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத ஓர் ஆட்டக்காரர் 10,000 கைகள் முடிவில் வெறும் அதிர்ஷ்டத்தால் 2,000 பிக் பிளைண்ட் மேலேயோ கீழேயோ இருக்கக்கூடும். உங்கள் மேசையில் அது 40 டாலர், 20 முறை உட்காரும் பணம். ஒரு மேசையில் மணிக்குச் சுமார் 70 கை ஆடலாம் என்று வைத்துக்கொண்டால், 10,000 கைக்கே 140 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு அது பல மாதம். ஆகவே "ஆட்டம் தேறவில்லை" என்று நீங்கள் சொல்வது லாப நஷ்ட வரைபடத்தைப் பார்த்து என்றால், அந்த வரைபடம் இன்னும் எதையும் சொல்லத் தொடங்கவில்லை. நீங்கள் தேறியிருக்கவும் கூடும்.

ஆடிய கைகளைச் சேமித்து வைக்கும் பதிவு மென்பொருள்களின் வரைபடத்தில் ஆல்-இன் அதிர்ஷ்டத்தைச் சரிசெய்து காட்டும் இன்னொரு கோடு உண்டு. அதைப் பார்த்துப் பலர் ஆறுதல் அடைகிறார்கள். அது ஆல்-இன் ஆன பிறகு விழுந்த சீட்டுகளின் அதிர்ஷ்டத்தை மட்டுமே திருத்துகிறது. உங்கள் கிங் ஜோடி எத்தனை முறை ஏஸ் ஜோடியிடம் மாட்டியது என்பது அதில் வராது. அதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தவறுகள் எங்கே இருக்கின்றன? என் கணிப்பில், சின்ன மேசையில் பணம் அதிகம் கசிவது கண்ணில் படாத இடங்களில்தான். பெரிய பாட்டைத் தோற்றால் வலிக்கிறது, நினைவில் நிற்கிறது. 40 சென்ட் ஜெயித்த இடத்தில் 90 சென்ட் ஜெயித்திருக்கலாம் என்பது வலிப்பதே இல்லை. ரிவரில் நல்ல இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு, "ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சின்னம்) விழுந்துவிட்டதோ" என்று பயந்து செக் செய்து, எதிராளி ஒரு ஜோடியைக் காட்டியதும் நிம்மதியாகப் பாட்டை வாங்கிக்கொள்கிறோமே, அது ஒரு தவறு. உங்கள் மேசையில் கால் போடுவதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. அவர்களிடமிருந்து வரும் லாபம் முழுக்க நல்ல கைக்குத் துணிந்து பெட் போடுவதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் வேறு எங்கிருந்தும் அது வராது.

இதன் மறுபக்கம் பிளஃப். பாட்டில் பாதி அளவுக்குப் பிளஃப் போட்டால் மூன்றில் ஒரு முறைக்கு மேல் எதிராளி ஃபோல்ட் செய்ய வேண்டும். பாட் அளவுக்குப் போட்டால் இரண்டில் ஒரு முறைக்கு மேல். மேல் ஜோடியைக் கீழே வைக்கத் தெரியாதவரிடம் இந்த எண்ணிக்கை கிடைக்காது. காணொளிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் மூன்று முறை தொடர்ந்து பிளஃப் போடுவதைப் பார்த்துவிட்டு 2 சென்ட் மேசையில் அதைச் செய்வது, தமிழ் தெரியாதவரிடம் தமிழில் பேரம் பேசுவதைப் போன்றது.

ஒவ்வொரு நிலைக்கும் சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை அருமையான கருவிகள். ஆனால் எதிராளியும் பிசகில்லாமல், தேவையான அளவு பிளஃப் போட்டு ஆடுகிறார் என்ற அனுமானத்தில்தான் விடை தருகின்றன. மேலே சொன்ன ஏஸ்-குயின் கையில் சால்வர் சில சமயம் கால் போடச் சொல்லலாம். அது சமநிலையான ஆட்டக்காரருக்கான விடை. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர் இல்லை. சால்வரோடு ஒத்துப்போகாத இடத்தை எல்லாம் தவறு என்று குறித்து வைத்தால், சரியாகச் செய்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

ரேக், அதாவது தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, மறக்கப்படும் இன்னொரு கசிவு. பாட்டில் சுமார் 5 சதவீதம் தளத்துக்குப் போகிறது என்றால், 1 டாலர் பாட்டில் அது 5 சென்ட், உங்கள் மேசைக் கணக்கில் இரண்டரை பிக் பிளைண்ட். பெரும்பாலான தளங்களில் ஃப்ளாப் வராமல் முடிந்த கைக்கு ரேக் இல்லை. ஸ்மால் பிளைண்டில் இருந்து சுமாரான கையோடு "இன்னும் கொஞ்சம்தானே" என்று கால் போட்டு ஃப்ளாப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் சின்ன மேசையில் மெதுவாகக் கொல்கிறது. அங்கே ரெய்ஸ் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இனி பார்க்கும் முறை. ஆடும்போதே குழப்பமான கையை மட்டும் குறித்து வையுங்கள். பல தளங்களிலும் பதிவு மென்பொருளிலும் அதற்கு வசதி உண்டு, இல்லையென்றால் தாளில் நேரத்தை எழுதினால் போதும். கூடவே ஒரே வரியில் காரணம்: "அவர் துரத்திய சீட்டு தவறிவிட்டது என்று நினைத்தேன்", "கோபத்தில் போட்டேன்", எதுவானாலும். இந்த வரி ரொம்ப முக்கியம். முடிவு தெரிந்த பிறகு, அப்போது என்ன நினைத்தோம் என்பதை மனம் தானாகவே திருத்தி எழுதிக்கொள்ளும். எழுதி வைத்த வரியைத் திருத்த முடியாது. ஆடி முடித்த சூட்டில் கைகளைத் திறக்க வேண்டாம். மறுநாள் பாருங்கள். எதிராளியின் சீட்டை மறைத்து, ஒவ்வொரு முடிவிலும் நின்று, மேலே போட்டதைப் போல எண்ணிப் பாருங்கள். நண்பரிடம் கேட்பதாக இருந்தால் கையை அந்த இடம் வரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "கடைசியில் அவன் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) காட்டினான்" என்று சேர்த்துச் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது அனுதாபம் மட்டும்தான்.

நீங்கள் ஃபோல்ட் செய்த கைகளிலும் நாலைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தவறு இருக்கும், ஆனால் தடயம் இருக்காது.

பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி: இது தெரியாமல் செய்ததா, தெரிந்தும் செய்ததா? தெரியாமல் செய்தது என்றால் மருந்து படிப்பு. அந்த ஒரு சூழ்நிலையை எடுத்து, கணக்குப் போட்டு, அடுத்த சில வாரம் அது ஒன்றையே கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தைத் திருத்தப் போனால் ஒன்றும் நிற்காது. தெரிந்தும் செய்தது என்றால் இன்னும் பத்துக் காணொளி பார்த்துப் பயனில்லை. அது டில்ட், அதாவது கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவது, அல்லது தூக்கம், அல்லது இழந்ததை இன்றே எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அதற்கு மருந்து எழுந்து போவதுதான். உட்காரும் முன்பே எல்லை வையுங்கள். இரண்டு அல்லது மூன்று முறை 2 டாலர் போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அந்த எல்லையைத் தோற்றுக்கொண்டிருக்கும்போது மாற்றக் கூடாது.

பணத்தைப் பற்றி: கிறிஸ் ஃபெர்குசன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் 2006-இல் ஒரு காசும் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, பொதுவாகக் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு பண மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்ற விதியோடு ஆடி, 2007-இல் 10,000 டாலரை எட்டினார். அவர் பங்குதாரராக இருந்த தளம் பிற்பாடு ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் மூடியது, அது தனி வருத்தக் கதை. ஆனால் அந்த 5 சதவீத விதியை நான் மதிக்கிறேன். 2 டாலர் மேசைக்கு 40 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். அது முழுவதும் போனாலும் வீட்டில் எதுவும் நிற்காத பணமாக அது இருக்க வேண்டும். போன பணத்தைத் துரத்திப் பெரிய மேசைக்கு ஏறத் தோன்றினாலோ, ஆடுவதை வீட்டில் மறைக்கத் தோன்றினாலோ, அங்கே கைகளை ஆராய்வது உதவாது. ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற தளங்கள் எல்லாவற்றிலும் கணக்கை நீங்களே முடக்கிக்கொள்ளும் வசதி உண்டு, கனெக்ஸ் ஒன்டாரியோ இலவசமாக உதவி எண்ணும் நடத்துகிறது. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் காசில்லாத மேசையிலேயே இந்தக் கணக்குகளைப் பழகலாம்.

வரும் வார இறுதிக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆடாமல் செய்ய வேண்டியது. உங்கள் பதிவில் ரிவரில் கால் போட்ட கைகளை மட்டும் வடிகட்டி எடுங்கள், ஜெயித்ததும் தோற்றதும் சேர்த்து. அந்தக் கால்களுக்கு மட்டும் மொத்தம் எவ்வளவு போட்டீர்கள், ஜெயித்த பாட்களில் அந்தக் காலோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு திரும்பி வந்தது என்று இரண்டு எண் எழுதுங்கள். திரும்பி வந்ததைப் போட்டதால் வகுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் உங்கள் ரிவர் கால்கள் பரவாயில்லை, வேறு இடத்தில் தேடலாம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்தக் கைகளை இரண்டாகப் பிரியுங்கள்: எதிராளி வெறும் பெட் போட்டு நீங்கள் கால் போட்டவை, நீங்கள் பெட் போட்டு அவர் ரெய்ஸ் செய்த பிறகு கால் போட்டவை. இரண்டாவது குவியலில் இருந்து தொடங்குங்கள்.